திட்டிய குரல்

அண்ணி போனில் கூப்பிட்டபோது தம்பி லேத் பட்டறையில் இரும்புச் சீவலைக் கூட்டி அள்ளிக்கொண்டிருந்தான். அவள் குரலைக் கேட்டே வருஷங்கள் ஆகியிருந்தன. கையைத் துணியில் துடைத்துக்கொண்டு வெளியே வந்தான்.

"தம்பி, உங்க அண்ணன் குரல் உங்ககிட்ட ஏதாவது இருக்கா?"

அண்ணன் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு வாத்தியார். மைதானத்தின் அந்தக் கோடியில் ஓடுகிறவனை விசில் இல்லாமலே நிறுத்திவிடும் தொண்டை. அந்தத் தொண்டையில்தான் புற்று வந்தது. உயிரைக் காப்பாற்றக் குரல்வளையையே எடுக்க வேண்டியதாயிற்று. ஆஸ்பத்திரிக்குப் போன தம்பி, வார்டு வாசல்வரை போய்த் திரும்பி வந்துவிட்டான்.

பல்கலைக்கழகத்தில் ஓர் ஆராய்ச்சி நடக்கிறதாம். பழைய பேச்சைக் கொடுத்தால் கம்ப்யூட்டர் அந்தக் குரலைக் கற்றுக்கொள்ளும். அப்புறம் அண்ணன் தட்டச்சு செய்வதை அதே குரலில் பேசும்.

"ஆபரேஷனுக்கு முன்னாடி பதிவு பண்ணி வைக்கணும்னு யாருக்குத் தோணுச்சு? பள்ளிக்கூட வீடியோவுல எல்லாம் ஒரே கூச்சல். தேறாதுன்னுட்டாங்க. போன்ல பேசுவாரே தவிர, பேசிப் பதிவு பண்ணி அனுப்புற பழக்கமும் இல்ல."

ஒரே ஒருத்தனுக்கு அனுப்பியிருந்தார். அப்பா இறந்த மாதம் தம்பி போனை எடுக்கவில்லை என்பதால் அனுப்பியவை. அப்பாவுக்குச் செயற்கைச் சுவாசத்தை நிறுத்தலாம் என்று டாக்டர்கள் சொன்னபோது, பக்கத்தில் இருந்தவன் தம்பி. கையெழுத்துப் போட்டவனும் அவன்தான். அண்ணன் வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

"இருக்கு அண்ணி," என்றான். "ஆனா நல்லா இருக்காது."

ஆய்வுக்கூடம் நூலகத்துக்குப் பின்னால் ஒரு சின்ன அறை. ஜன்னல் இல்லை, சுவரெல்லாம் சத்தம் புகாதபடி மெத்தை வைத்து அடைத்திருந்தது. ஆராய்ச்சி மாணவி ஒல்லியான பெண்; தம்பியின் போனைக் கம்ப்யூட்டரோடு இணைத்து முதல் பதிவைத் திறந்தாள்.

"நீ மனுஷனாடா? ஒரு மணி நேரம் பொறுத்திருக்க மாட்டியா? அப்பாவைக் கொன்னுட்டு நிக்கிற. இனிமே என்னை அண்ணன்னு கூப்பிடாதே!"

மாணவி சட்டென்று நிறுத்தினாள்.

"எல்லாமே இப்படித்தானா சார்?"

"எல்லாமே."

"பதிவு தெளிவா இருக்கு. ஆனா மெஷின் கோவத்தையும் சேர்த்துத்தான் கத்துக்கும். குறைக்கப் பாக்குறேன், முழுசாப் போகாது. அப்புறம், குரல் யாரோடதோ அவர் கேட்டுச் சம்மதிக்கணும். அது எங்க விதி."

மறுநாள் அண்ணன் வந்தார். பாதியாக இளைத்திருந்தார், கழுத்துத் துளையை மூடி ஒரு வெள்ளைத் துணி. ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகக் கேட்டார். அண்ணி வாசற்கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கேட்டு முடித்ததும் ஒரு காகிதத்தை இழுத்து எழுதினார்: 'அழிச்சிடு.'

"அழிக்க மாட்டேன்," என்றான் தம்பி.

'ஏன் வெச்சிருந்தே?'

"திட்டுறதுக்காவது நீ இருந்தேல்ல, அதுக்குத்தான். அழிச்சுட்டா உன் குரலுக்கு நான் எங்கே போவேன்?"

அண்ணன் 'அழிச்சிடு' என்பதைப் பேனாவால் அடித்தார். பிறகு சம்மதத் தாளில் கையெழுத்துப் போட்டார்.

குரல் தயாராகச் சில வாரங்கள் பிடித்தன. மாணவி பலமுறை தம்பியை அழைத்துப் போட்டுக் காட்டினாள். முதலில் இரும்புக் குழாய்க்குள்ளிருந்து வருவதுபோல் இருந்தது. 'ழ' வரவே இல்லை. "எங்க அண்ணன் 'ழ' சொல்லாத பசங்களை மைதானத்தைச் சுத்தி ஓட விடுவாரும்மா," என்று தம்பி சொன்னதும் அவள் சிரித்துவிட்டு மறுபடி உட்கார்ந்தாள். ஒருநாள் அவன் கேட்டான்: "இந்தக் குரலை நீங்க பேச வெச்சா, அண்ணன் நினைக்காததையும் சொல்லும்தானே?"

"சொல்லும் சார். அதனாலதான் அவர் தட்டுறதைத் தவிர ஒரு வார்த்தையும் அது பேசாதபடி பூட்டி வெச்சிருக்கோம்."

அது அவனுக்கு நிம்மதியாக இருந்தது.

கடைசியில் கையகலக் கருவி ஒன்றை அண்ணன் மடியில் வைத்தார்கள். அவர் ஒற்றை விரலால் தட்டினார், அழித்தார், மறுபடி தட்டினார். பிறகு பொத்தானை அமுக்கினார்.

"அப்பா கடைசியா என்ன சொன்னார்?"

அதே குரல். அதட்டல் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. முதல்முறை கேட்பவர்கள், அவர் சண்டைக்கு வருகிறார் என்றே நினைப்பார்கள். அண்ணியின் கை வாய்க்குப் போயிற்று. மாணவி சத்தமில்லாமல் வெளியே போய்க் கதவைச் சாத்தினாள்.

இந்தக் கேள்வியை அண்ணன் இதுவரை கேட்டதே இல்லை. பொய் ஒன்று தம்பியின் நாக்கு நுனிவரை வந்தது. உன் பேரைத்தான் சொன்னார் என்று சொல்லிவிடலாம். சொல்லவில்லை.

"ஒண்ணும் சொல்லலண்ணே. அவருக்கு நினைவே இல்ல. மூச்சு முட்டிக்கிட்டே இருந்துச்சு, பாக்க முடியல. நான்தான் காதுகிட்ட பேசிக்கிட்டே இருந்தேன். பெரியவன் வந்துக்கிட்டு இருக்கான், வழியில இருக்கான்னு சொல்லிக்கிட்டே இருந்தேன்."

அண்ணன் கருவியை விட்டுவிட்டு, தம்பியின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். தொண்டைத் துளை வழியாகக் காற்று வேகமாக வந்து போகும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு, பிடியை விடாமலே, இன்னொரு கையால் தட்டினார்.

"தனியா நின்னியேடா."

மறுபடியும் அதட்டல்தான். தம்பி அவர் முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதான்.

வெளியே நாற்காலியில் அடுத்ததாகக் குரல் பதிய வந்த ஒரு பெண் தன் அம்மாவோடு காத்திருந்தாள். மாணவி அவர்களிடம் போய், இன்னும் கொஞ்ச நேரம் ஆகும், சிரமத்துக்கு மன்னிக்க வேண்டும் என்றாள்.