தாழ மறுத்த மாஸ்டர்

கீரிமலைக் கேணியில் கல்லுப்போலத் தாழ்ந்த தம்பிராசா மாஸ்டர், அதே ரப்பர் உடுப்போடும் அதே ஈயப் பட்டியோடும் கடலில் இறங்கியபோது தக்கைபோல மிதந்தார். கேணிக்கும் கடலுக்கும் இடையில் ஒரு சுவர்தான் இருக்கிறது. சுவருக்கு அந்தப் பக்கம் தாழ்ந்தவர் இந்தப் பக்கம் ஏன் மிதக்கிறார் என்பது யாருக்கும் வரக்கூடிய சந்தேகம். ஆனால் அவர் உயர்தர வகுப்புக்குப் பௌதிகம் படிப்பிக்கிறவர். மிதப்பு விதியைக் கரும்பலகையில் எழுதி எழுதியே கைவிரலில் வெண்கட்டி ஊறிப்போனவர். அந்தக் கேள்வி அவருக்கே வந்ததுதான் சங்கடம்.

எண்பத்து மூன்றாம் ஆண்டுச் சித்திரை விடுமுறை அது. மாஸ்டரின் மனைவி பராசக்தியின் தங்கையைக் கட்டிய இராசநாயகம், விடுமுறையைக் கழிக்க லண்டனிலிருந்து குடும்பத்தோடு வந்திருந்தார். வரும் வழியில் திருகோணமலையில் ஒரு ஹோட்டலில் தங்கி, அங்கே ஒரு சிலிண்டரில் காற்று நிரப்பிக்கொண்டு வந்தார். மிச்சமெல்லாம், அதாவது ரப்பர் உடுப்பு, கண்ணாடி, காலில் மாட்டி நீந்தும் வாத்துக்கால், மூச்சுக் குழாய், ஆளைத் தாழ்த்த இடுப்பில் கட்டும் ஈயப் பட்டி எல்லாம், லண்டனில் வாங்கியவை. இதையெல்லாம் சுமந்து வந்தவருக்கு விமானத்திலேயே காது அடைத்துவிட்டது. காது அடைத்தவர் நீருக்குள் இறங்கக்கூடாது. அதோடு, லண்டனில் ஒரு நீச்சல் தடாகத்தின் அடியைத் தவிர வேறெதையும் அவர் பார்த்ததில்லை. இந்த இரண்டாவது சங்கதியை அவர் யாரிடமும் சொல்லவில்லை.

ஆக, உடுப்பு இருந்தது, காற்று இருந்தது, போட ஆள் இல்லை. மாஸ்டர் தானாக முன்வந்தார்.

அவருக்கு ஒரு காரணம் இருந்தது. கீரிமலைக் கடலில் கரையிலிருந்து சற்றுத் தள்ளி ஓரிடத்தில் தண்ணீரின் மேல் எண்ணெய் பூசியதுபோல ஒரு வழுவழுப்புத் தெரியும். அடியில் நன்னீர் ஊற்று இருக்கிறது என்பார்கள். வலிகாமத்தில் பெய்கிற மழை மண்ணுக்குள் இறங்கி, சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகளுக்குள்ளால் ஊர்ந்து, கடலுக்குக் கீழே போய் வெளியே வருகிறது. மாஸ்டர் இதை ஒவ்வொரு வருடமும் வகுப்பில் விளக்குவார். போன வருடம் கடைசி வரிசை வாங்கிலிருந்து ஒரு பிள்ளை எழும்பி, "சேர் அதைக் கண்டனீங்களோ?" என்று கேட்டது. "இல்லை" என்று சொல்லவேண்டி வந்தது. அன்றிலிருந்து அந்தப் பாடம் அவருக்குப் பிடிக்காமல் போயிற்று. இப்போது சிலிண்டரில் ஒரே ஒரு தடவைக்குக் காற்று இருந்தது. மறுநாள் காலை இராசநாயகம் எல்லாவற்றையும் கட்டிக்கொண்டு யாழ்தேவி ரயில் ஏறிவிடுவார். இன்றைக்குப் பார்க்காவிட்டால் இனி இல்லை.

முதல் நாள் மாலை மாஸ்டர் மூச்சுக் கருவியைச் சாப்பாட்டு மேசையில் வைத்துக் கழற்றினார். இராசநாயகம் தலையில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

"அண்ணை, அது விலை கூடின சாமான்."

"விலை கூடினதெண்டால் வடிவாச் செய்திருப்பாங்கள். வடிவாச் செய்ததைக் கழட்டிறது லேசு," என்றார் மாஸ்டர்.

உள்ளே ஒரு ரப்பர்த் தோல் இருந்தது. சிலிண்டருக்குள் காற்று மிகுந்த அழுத்தத்தில் அடைபட்டிருக்கிறது. நேரே வாயை வைத்தால் கன்னம் கிழியும். ஆனால் இந்தத் தோலின் ஒரு பக்கத்தைக் கடல் அழுத்துகிறது, மறுபக்கத்தில் நம் மூச்சு இருக்கிறது. நாம் இழுத்தவுடன் தோல் உள்ளே வளைந்து ஒரு சின்ன நெம்புகோலைத் தட்டும். அது கதவைத் திறந்து, சுற்றியுள்ள தண்ணீரின் அழுத்தத்துக்குச் சரியான அளவில் காற்றை விடும். இழுப்பதை நிறுத்தினால் கதவு மூடும். எவ்வளவு ஆழம் போனாலும் தானாகவே சரிபார்த்துக்கொள்ளும். மாஸ்டர் அதைப் பார்த்துப் பார்த்து மகிழ்ந்தார். திரும்பப் பூட்டியபோது ஒரு துண்டும் மிஞ்சவில்லை.

காலையில் கேணியில் ஒத்திகை நடந்தது. குளிர்நாட்டுக் கடலுக்கென்று தைத்த கறுப்பு உடுப்பு அது. அதற்குள் மாஸ்டரை ஏற்றப் பராசக்திக்கு ஒரு டின் முகப்பவுடர் செலவானது. கேணிப் படியில் செத்தவர்களுக்குச் செய்யும் அந்தியேட்டிக் கிரியைக்கு வந்தவர்கள் ஈர வேட்டியோடு நின்றார்கள். தலை முதல் கால்வரை கறுப்பாய் வந்தவரைப் பார்த்து ஒருவர், "ஐயா, உது எந்தக் கிரியைக்கு?" என்று பயபக்தியோடு கேட்டார். மாஸ்டர் அவருக்கு ரப்பர்த் தோலின் வேலையை ஆதியோடந்தமாக விளக்கிவிட்டு, குழாயை வாயில் வைத்து இறங்கினார். சுகமாய்த் தாழ்ந்து, அடியில் குந்தியிருந்து, இரண்டு சின்ன மூச்சு மட்டும் எடுத்து, சுகமாய் எழும்பினார். எல்லாம் சரி என்று தீர்மானமாயிற்று.

இப்போது கடலில், அந்த வழுவழுப்புக்கு நேர்மேலே நின்ற கந்தப்புவின் வள்ளத்துக்குப் பக்கத்தில், அவர் கறுப்புப் பூசணிக்காய்போல மிதந்துகொண்டிருந்தார்.

வள்ளத்தில் மூன்று பேர் இருந்தார்கள். கந்தப்பு வாடகைக்கு வள்ளம் விடுகிறவர். மத்தியானச் சாப்பாட்டுக்கு முன் கரை திரும்பலாம் என்று நம்பி வந்தவர். இராசநாயகம் பயிற்றுநர். பராசக்தி ஏன் வந்தாள் என்று கேட்டால், "ஆள் திரும்பி வரேல்லையெண்டால் கண்ட சாட்சி ஒண்டு வேணும்தானே" என்பாள்.

"மூச்சை நல்லா இழுத்து நிரப்பிக்கொண்டு இறங்குங்கோ அண்ணை," என்றார் இராசநாயகம். "லண்டனிலை எங்களுக்கு அப்பிடித்தான் சொல்லித் தந்தவங்கள்."

மாஸ்டர் நெஞ்சு விம்ம இழுத்தார். காலை உதைத்தார். வாத்துக்கால் இரண்டும் வானத்தைப் பார்த்தன, ஆள் போகவில்லை. மறுபடி இழுத்தார், மறுபடி உதைத்தார்.

"வீட்டிலை சாப்பாட்டுக்கு இருந்தா எழும்பாத மனுசன்," என்றாள் பராசக்தி. "இஞ்சை அடியிலை போய் இருக்கச் சொன்னா இருக்கிறார் இல்லை."

"மாஸ்டர், நங்கூரத்தைக் காலிலை கட்டிவிடட்டோ?" என்று கந்தப்பு கேட்டார். "நங்கூரம் ஒரு நாளும் என்னை ஏமாத்தினதில்லை."

மாஸ்டர் வள்ளத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு யோசித்தார். சட்டென்று முகம் தெளிந்தது. கேணியில் இருப்பது ஊற்றுத் தண்ணீர். கடல் தண்ணீரில் உப்புக் கரைந்திருப்பதால் அது நாற்பதில் ஒரு பங்கு பாரம் கூட. பாரம் கூடின தண்ணீர் கூடுதலாய்த் தூக்கும். தன் உடம்பு, உடுப்பு, சிலிண்டர் எல்லாம் சேர்ந்து ஏறக்குறைய நூறு கிலோத் தண்ணீரை ஒதுக்குகின்றன. அதில் நாற்பதில் ஒரு பங்கு இரண்டரைக் கிலோ.

"பட்டியிலை இன்னும் இரண்டரைக் கிலோ வேணும். கரைக்கு விடும் கந்தப்பு."

கரையில் கோயிலடிக் கடையொன்றில் தராசுக் கல் இரவல் வாங்கினார்கள். இரண்டு கிலோக் கல் ஒன்றும் அரைக் கிலோக் கல் ஒன்றும். கடைக்காரர் எதற்கு என்று கேட்டார். "ஆளை நிறுக்க" என்றார் கந்தப்பு. கற்களைத் துணியில் முடிந்து பட்டியில் கட்டிக்கொண்டு மாஸ்டர் அதே இடத்தில் மறுபடி கடலில் விழுந்தார். பயிற்றுநர் சொன்னபடி நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தார்.

மிதந்தார்.

உண்மையில் இந்த முறை அவருக்குப் பயம் வந்தது. கடலுக்கல்ல. விதி சரி, கணக்குச் சரி, விடை பிழை. அவர் வாழ்க்கையில் இப்படி நடந்ததில்லை. பதற்றத்தில் மூச்சு மேல்மூச்சாய் வாங்கியது. சிலிண்டரின் அழுத்தமானி முள் பாதிக்குக் கீழே வந்துவிட்டது. நீருக்குள் போகாமலே, மேலே இருந்தபடி, திருகோணமலைக் காற்றில் அரைவாசியை அவர் குடித்து முடித்திருந்தார். சுற்றிலும் ஒரு உலகத்துக் காற்றுச் சும்மா கிடந்தது.

"கணக்குப் பிழைச்சுப்போச்சுப் போலை," என்றார் இராசநாயகம், ஆறுதலாகத்தான்.

மாஸ்டர் குழாயை வாயிலிருந்து பிடுங்கினார்.

"கணக்குப் பிழைக்கேல்லை நாயகம், நீர் கொஞ்சம் விளங்கிக்கொள்ளவேணும், ஒரு பொருள் எவ்வளவு தண்ணியை ஒதுக்குதோ அவ்வளவு தண்ணியின்ரை பாரத்துக்குச் சமனான விசை அதை மேலை தள்ளும், அந்த விசை பொருளின்ரை பாரத்தைவிடக் கூடினால் மிதக்கும், குறைஞ்சால் தாழும், இப்ப என்ரை பாரத்தோடை இந்தக் கல்லு ரெண்டையும் கூட்டினால் கடல் தண்ணியின்ரை அடர்த்திக்கு அது சமன்படவேணும், ஆனபடியாலை நான் இப்ப..."

அந்த இடத்தில் மாஸ்டரைக் காணவில்லை.

அவர் இருந்த இடத்தில் இரண்டு குமிழி வந்தது. பிறகு வாத்துக்கால் தண்ணீரை அடிக்கும் சத்தம், பிறகு இருமிக்கொண்டே அவர். பராசக்தி சிலிண்டர் வாரைப் பிடித்து இழுத்து வள்ளத்தோடு சேர்த்தாள்.

"போதும். ஏறுங்கோ."

"பொறும்," என்றார் மாஸ்டர். மூக்காலும் வாயாலும் உப்புத் தண்ணீர் வடிந்தது. மூச்சு முட்ட இழுத்தார், திரும்பவும் தக்கையாக மிதந்தார். அதையும் அவர் கவனித்தார். "இப்ப நான் கீழை தாண்டனான். கல்லைக் கூட்டேல்லை, குறைக்கேல்லை. நான் என்ன செய்தனான்?"

"கதைச்சீங்கள்," என்றாள் பராசக்தி. "வழமைபோலை."

"அதுக்கு முதல்?"

"அதுக்கு முதலும் கதைச்சீங்கள்."

கந்தப்பு சிரிப்பை அடக்கச் சூரியனைப் பார்த்தார். மாஸ்டருக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் விளிம்பில் நாடியை ஊன்றிக்கொண்டு தன் நெஞ்சைக் குனிந்து பார்த்தார். ஒரு நீண்ட விளக்கத்துக்கு என்ன செலவாகிறது? காற்று. அந்தக் காற்று எங்கே இருந்தது? நெஞ்சுக்குள். நன்றாக இழுத்து நிரப்பினால் வெறும் நெஞ்சைவிட மூன்று லீற்றர், நான்கு லீற்றர் கூடும். நெஞ்சு ஒரு லீற்றர் வீங்கினால் ஒரு லீற்றர்த் தண்ணீரை ஒதுக்கும், ஒரு லீற்றர்த் தண்ணீர் ஒரு கிலோ. அவர் இரண்டரைக் கிலோக் கல்லைக் கட்டிக்கொண்டு, அதைவிடக் கூடிய தூக்கலை நெஞ்சுக்குள் ஏற்றிக்கொண்டு, ஏன் தாழவில்லை என்று கணக்குப் பார்த்திருக்கிறார். கேணியில் தாழ்ந்ததும் இதனால்தான். படியில் நின்ற மனிதருக்கு விளக்கிய கையோடு, நெஞ்சு வெறுமையாய் இறங்கியிருக்கிறார்.

முள் சிவப்புக் கோட்டுக்கு இரண்டு விரல் மேலே நின்றது.

"நாயகம், இந்த மூச்சு இழுக்கிற சங்கதி லண்டனிலை எதுக்குச் சொன்னவங்கள்?"

இராசநாயகம் காதைக் குடைந்தார். "அது... குழாய் இல்லாமல் தடாகத்துக்கு அடியாலை நீந்தேக்கை சொன்னது, அண்ணை."

"தடாகம்," என்றார் மாஸ்டர். கோபப்பட நேரம் இல்லை.

குழாயைக் கடித்துக்கொண்டு மெல்ல மூச்சை விட்டார். விட்டுக்கொண்டே இருந்தார். தண்ணீர் உதட்டுக்கு வந்தது, கண்ணாடிக்கு வந்தது, உச்சிக்கு மேல் மூடியது. ஓராள் ஆழத்தில் மெதுவாய் உள்ளிழுத்தார். ரப்பர்த் தோல் விசுவாசமாய் வளைந்து காற்றைத் தந்தது. இனி மூச்சு எடுத்தாலும் மேலே வரவில்லை. ஏனென்றால் ஆழம் கூடக் கூட, ரப்பர் உடுப்புக்குள் அடைபட்ட சின்னச் சின்னக் காற்றுக் குமிழிகளைக் கடல் நசுக்கியது. உடுப்பு மெலிந்து தூக்கும் பலம் குறைந்தது. காது குத்தியபோது மூக்கைப் பொத்தி ஊதினார். நங்கூரக் கயிற்றைப் பிடித்தபடி அடிக்குப் போனார்.

அடியில் தார் றோட்டில் மத்தியான வெயிலில் தெரிகிற அலைவு போல ஓரிடம் நடுங்கிக்கொண்டிருந்தது. உப்புத் தண்ணீரும் நல்ல தண்ணீரும் கலக்குமிடத்தில் வெளிச்சம் இப்படித்தான் வளையும் என்று அவருக்குத் தெரியும். கிட்டப் போய்ப் பார்த்தார். வகுப்பில் அவர் ஊற்றை எப்போதும் கோயில் தூண் அளவுக்குக் கீறுவார். இங்கே கல்லில் ஒரு சிரட்டையால் மூடக்கூடிய துளை. அதன் வாயில் மணல் பொரியரிசிபோலத் துள்ளியது. கையை வைத்தார். குளிர்ந்தது. குழாயை ஒரு பக்கம் ஒதுக்கி நாக்கை நீட்டினார். குடிக்கத்தக்க தண்ணீர் என்று வருடா வருடம் சொல்லிவந்தது அரை உப்பாய் இருந்தது. பாடத்தைத் திருத்தவேண்டும் என்று நினைத்துக்கொண்டார். அவ்வளவு சந்தோசமாய் அவர் ஒரு பிழையையும் கண்டதில்லை.

முள் சிவப்பைத் தொட்டது. மூச்சை அடக்காமல், தன் சின்னக் குமிழிகளை முந்தாமல், கயிற்றோடு மெல்ல மேலே வந்தார்.

மூன்று தலைகள் வள்ளத்தின் விளிம்பில் வரிசையாய் இருந்தன. பராசக்தி அவர் நெற்றியில் ஒட்டியிருந்த பாசியை எடுத்து எறிந்தாள்.

"கண்டனீங்களோ?" என்று கேட்டாள்.

"ஓம்."

"அண்ணை, அடுத்த சித்திரைக்கு ரெண்டு சிலிண்டரோடை வாறன்," என்றார் இராசநாயகம். "அதுக்கு முதல், என்னெண்டு தாண்டனீங்கள் எண்டு சொல்லுங்கோ."

கந்தப்பு கவலையோடு வெயிலைப் பார்த்தார். விளக்கம் தொடங்கினால் மத்தியானச் சாப்பாடு இல்லை. ஆனால் மாஸ்டரிடம் அப்போது நீளமாய்க் கதைக்கக் காற்று இருக்கவில்லை.

"இறங்கேக்கை மூச்சை இழுக்கக்கூடாது நாயகம்," என்றார். "முழுக்க வெளியிலை விடவேணும். ஆள் தாழும்."