பாஸ்கோ வீட்டு நான்காம் படுக்கையறை

மூன்று படுக்கையறைகள் மட்டுமே இருந்த பாஸ்கோ குடும்பத்தின் வீட்டில், ஆகஸ்ட் மாதத்து வியாழக்கிழமை ஒன்றில், காலை பத்தேகால் மணிக்கு நான்காவது படுக்கையறை உண்டாயிற்று. சத்தம் எதுவும் கேட்கவில்லை. கிளெனிஸ் பாஸ்கோ மடித்த துணிகளோடு நடைவழியில் வந்தபோது, மகள் ஷோனாவின் அறைக்கும் குளியலறைக்கும் நடுவே, அதுவரை வெறும் சுவராக இருந்த இடத்தில், வெள்ளை பெயின்ட் அடித்த கதவு ஒன்று நின்றது. துணிகளை அப்படியே தரையில் போட்டுவிட்டுக் கணவனுக்கு போன் செய்தாள். டிராக்டர் பட்டறையிலிருந்து ராஸ் இருபது நிமிடத்தில் வந்துசேர்ந்தான். வெளியே டேப் பிடித்து அளந்தான். வீட்டின் நீளம் பதினோரு மீட்டர். உள்ளே அளந்தான், பதினான்கரை. திரும்ப அளந்தாலும் அதுவேதான். கதவு நடைவழிப் பக்கமாகத் திறக்கிற மாதிரி அமைந்திருந்தது. ராஸ் கைப்பிடியைத் தொடவில்லை. சமையலறையிலிருந்து ஃபிரிட்ஜைத் தள்ளிக்கொண்டு வந்து கதவுக்கு முன்னால் நிறுத்தினான். திறந்து பார்த்திருக்கலாமே என்று பிற்பாடு சொன்னவர்கள் பலர். அவர்களில் ஒருவரும் அன்று அங்கே இல்லை.

அவர்கள் ஊரான டூலம்பின் கரும்பு விளையும் ஊர். அங்கே யாருக்கும் புகை புதிதல்ல. அறுவடைக்கு முன்னால் தோட்டங்களுக்குத் தீ வைப்பார்கள்; கருகிய தோகை பறந்து வந்து கொடியில் காயும் துணிமேல் விழும். அந்த மாதங்களில் வீட்டுப் புகை அலாரத்தைக் கழற்றி, சமையலறைத் துண்டில் சுற்றி, ஃபிரிட்ஜில் பட்டாணிப் பொட்டலத்துக்குப் பக்கத்தில் வைத்துவிடுவது ஊர் வழக்கம். பிறகு குயின்ஸ்லாந்து மாநிலத்தில் புது விதி வந்தது. வீட்டுக்கு ஒன்று போதாது. படுக்கையறை ஒவ்வொன்றிலும் ஒன்று, நடைவழியில் ஒன்று என்று மாட்ட வேண்டும்; ஒன்று அலறினால் எல்லாம் சேர்ந்து அலற வேண்டும்; பேட்டரியைப் பத்து வருடத்துக்குக் கழற்றவே முடியாது. ஊர் முணுமுணுத்துக்கொண்டே மாட்டியது. மாட்டிய எலக்ட்ரீஷியன்கள் ஒழுங்காகத்தான் மாட்டினார்கள். சான்றிதழ் கொடுப்பதற்கென்று பாதுகாப்பு அலுவலகம் ஒருவரை அனுப்பியிருந்தது, அவர்தான் திரு. பில்பீம்.

இஸ்திரி போட்ட மஞ்சள் ஒளிர் உடுப்பும் கழுத்தில் மூன்று அடையாள அட்டைகளுமாக அவர் வருவார். மூன்று அட்டையிலும் அவருடைய படம்தான். தீயைப் பற்றி அவர் பேசினால், அது அவரிடம் அனுமதி வாங்கிக்கொண்டுதான் பற்றும் என்று தோன்றும். ஆனால் அவருக்கு நாய் என்றால் பயம். டூலம்பினில் நாய் இல்லாத வீடு கிடையாது. ஆகவே அவர் எந்த வீட்டுக்குள்ளும் போகாமல், மாமர நிழலில் காரை நிறுத்தி, ஏசியைப் போட்டுக்கொண்டு, ஒரு கையில் கிரீம் பன்னும் ஒரு கையில் பேனாவுமாகப் பத்து வீட்டுப் படிவங்களை ஒரே மூச்சில் நிரப்புவார். அந்த வியாழக்கிழமை பாஸ்கோ வீட்டுப் படிவத்தில் படுக்கையறைகள் நான்கு, உறங்குவோர் நான்கு பேர் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அப்போது மணி பத்தேகால்.

அன்று மாலை நாலு இருபதுக்குக் கதவின் அடியிலிருந்து சாம்பல் நிறத்தில் புகை கசிந்தது. உடனே வீட்டிலுள்ள எல்லா அலாரமும் அலறின. அலுவலகம் கொடுத்த துண்டுப்பிரசுரத்தில் இருந்தபடியே மூவரும் எதையும் எடுக்காமல், திரும்பிப் பார்க்காமல் ஓடிப்போய் வேலியோரம் தபால் பெட்டியருகே நின்றார்கள். எட்டு நிமிடத்தில் அலறல் அடங்கியது. உள்ளே வந்தபோது நெருப்பும் இல்லை, சூடும் இல்லை. ஃபிரிட்ஜுக்குப் பின்னாலிருந்து யாரோ இருமுவது மட்டும் கேட்டது.

"அம்மா, உள்ள யாரோ இருமுறாங்க" என்றாள் பத்து வயது ஷோனா.

"அது ஃபிரிட்ஜ் சத்தம்டி."

"ஃபிரிட்ஜ் இருமுமா?"

"பழைய ஃபிரிட்ஜ் இல்லையா" என்றான் ராஸ்.

மறுநாளும் அதே நேரத்துக்குப் புகை வந்தது. அதற்கு மறுநாளும் வந்தது. இடையிடையே கதவை மூன்று முறை தட்டும் ஓசை கேட்டது. சற்று நேரம் விட்டு மறுபடி மூன்று முறை. ராஸ் அகலமான டேப் வாங்கி வந்து கதவின் நாலு ஓரத்தையும் ஒட்டினான். புகை டேப்பை மீறி வந்தது. தட்டல் கேட்கக் கேட்க அவன் டேப்பை இன்னும் ஒரு சுற்று ஒட்டினான். ஷோனாவின் கட்டில் அந்த அறைச் சுவரை ஒட்டி இருந்ததால் அவளைப் பெற்றோர் தங்கள் அறைக்கு மாற்றிக்கொண்டார்கள். ஊருக்கு விஷயம் தெரிந்தது. பக்கத்து வீட்டு டல்சி ஹாரப் தினமும் காலையில் தன் வீட்டு அறைகளை எண்ணி, ஒவ்வொரு கதவிலும் சாக்பீஸால் எண் எழுத ஆரம்பித்தாள். "நேத்து அஞ்சு, இன்னிக்கும் அஞ்சு" என்று வேலிக்கு மேலாகச் சொல்வாள். "நாளைக்கு என்னன்னு யாருக்குத் தெரியும், கிளெனிஸ்?" பாதுகாப்பு அலுவலகத்திலிருந்து தபாலில் வரும் கடிதங்களைப் பிரிக்கவே சிலர் பயந்தார்கள்.

கதவு வந்த மறுநாள் வெள்ளிக்கிழமை, படுக்கையறைகள் நான்கு என்று சொல்லும் சான்றிதழ் கைக்கு வந்ததுமே ராஸுக்குக் காரணம் புரிந்துவிட்டிருந்தது. அதை எடுத்துக்கொண்டு அன்றே பாதுகாப்பு அலுவலகத்துக்குப் போனான். பில்பீம் அவனை உட்காரச் சொல்லாமல் படிவத்தை வாங்கிப் பார்த்தார்.

"தப்புன்னு ஒண்ணு எங்க கையில வராது, மிஸ்டர் பாஸ்கோ. வேணும்னா தகவல் திருத்தம்னு போட்டுக்கலாம்."

"சரி, திருத்துங்க."

"பத்து வேலை நாள் ஆகும்."

"வீட்டுல புகை வருது சார்."

"அலாரம் அடிக்குதா?"

"நேத்து எட்டு நிமிஷம் அடிச்சுது."

"அப்போ எல்லாம் ஒழுங்கா வேலை செய்யுது" என்று பில்பீம் மனநிறைவோடு குறித்துக்கொண்டார்.

ராஸ் தயங்கிக்கொண்டே கேட்டான்: "நாலை மூணுன்னு திருத்தினா அந்த ரூம் என்ன ஆகும்?"

"இல்லாத ரூம் என்ன ஆகும்? இல்லாமப் போகும்."

"உள்ள ஏதாச்சும் இருந்தா?"

பில்பீம் சிரிக்கவில்லை, அப்படி ஒரு கேள்விக்குப் படிவத்தில் கட்டம் இல்லை. "ரூமே இல்லைன்னா உள்ள எப்படி இருக்கும்?" என்றார். திருத்தம் செய்ய இரண்டு வாரம் கழித்து வெள்ளிக்கிழமை பகல் பதினோரு மணி என்று நேரம் குறித்துக் கொடுத்தார். ராஸ் நிம்மதியோடு வீட்டுக்கு வந்து அந்தச் சீட்டை ஃபிரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து ஒட்டினான். ஷோனா அதைப் படித்தாள். இராச்சாப்பாட்டைத் தொடவில்லை. "இருமுறவங்க என்ன ஆவாங்கப்பா?" என்று மட்டும் கேட்டாள். ராஸ் கறிக்கு உப்பு போதவில்லை என்று சொல்லிவிட்டு எழுந்து போனான்.

கிளெனிஸ் பள்ளிச் சிற்றுண்டிச் சாலையில் ஆறு வருடம் வேலை பார்த்தவள். எது தீய்ந்தது என்பதை வாசனையைக் கொண்டே சொல்லிவிடுவாள். நான்காம் நாளே அவளுக்குத் தெரிந்துவிட்டது, கதவுக்கு அடியில் வருவது கருகிய ரொட்டியின் வாசனை. அதன் பிறகுதான் அவளுக்கு உண்மையான பயம் பிடித்தது. அதுவரை உள்ளே இருப்பது பேயாக இருக்கலாம் என்று நினைத்துத்தான் பயந்திருந்தாள். பேய் என்றால் அதற்குச் செய்ய வேண்டியதைத்தான் செய்திருக்கிறார்கள். பேய் ரொட்டி சுடாது. உள்ளே இருப்பது ஆள் என்றால், அவளும் அவள் கணவனும் ஒரு மனித ஜீவனை நாலு நாளாக ஃபிரிட்ஜை முட்டுக்கொடுத்து அடைத்து வைத்திருக்கிறார்கள். இதை யாரிடம் சொல்வது? சொன்னால் நாலு நாளும் திறக்காததற்குக் காரணம் சொல்ல வேண்டும். அவள் சொல்லவில்லை. ஆறாம் நாள் ஆனபோது ஐந்து நாளுக்கும் சேர்த்துக் காரணம் சொல்ல வேண்டியிருந்தது. இப்படியே நாள்கள் போயின. பகலில் யாருமில்லாதபோது அவள் ஃபிரிட்ஜுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்காருவாள். உள்ளே இருமல் கேட்கும். அவளும் ஒரு தடவை இருமுவாள். உள்ளே சட்டென்று நிசப்தமாகும். பிறகு மூன்று தட்டல், வேகமாக. அவள் எழுந்து ஓடிவிடுவாள்.

நாளாக நாளாகப் புகை மெலிந்தது. முதல் நாள் எட்டு நிமிடம் அலறிய அலாரம் இரண்டு நிமிடத்தில் ஓய்ந்தது. பதினைந்தாம் நாள், வியாழக்கிழமை, நாலு இருபதுக்கு மூவரும் செருப்பு மாட்டிக்கொண்டு ஓடத் தயாராக நின்றார்கள். அலாரம் அடிக்கவில்லை. நாலரை ஆயிற்று. ஐந்தாயிற்று. அந்த வீட்டில் அதுவரை கேட்ட எந்தச் சத்தமும் அவர்களை அந்த அளவுக்கு நடுங்க வைத்ததில்லை.

வெள்ளிக்கிழமை ராஸ் சாவு வீட்டுக்குக் கட்டும் கறுப்பு டையைக் கட்டிக்கொண்டு அலுவலகத்துக்குக் கிளம்பினான். ஷோனா பள்ளிக்குப் போகவில்லை. ஃபிரிட்ஜில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்திருந்தாள்.

"அம்மா, இன்னிக்கு அவங்களையும் சேத்து அழிச்சிருவாங்க" என்றாள். "உனக்கும் தெரியும்தானே?"

கிளெனிஸ் அவளைப் பார்த்தாள். பிறகு ராஸுக்கு போன் செய்தாள். அலுவலக விதிப்படி அவன் போனை வாசலில் ஒரு கூடையில் போட்டுவிட்டுத்தான் உள்ளே போயிருந்தான். அலுவலக எண்ணுக்கே செய்தாள். ஒரு பதிவுக் குரல் இனிமையாகப் பேசியது: உங்கள் பாதுகாப்பே எங்கள் மூச்சு, வரிசையில் நீங்கள் ஏழாவது ஆள். பியானோ இசை தொடங்கியது. மணி பத்து ஐம்பது. கிளெனிஸ் போனை ஸ்பீக்கரில் போட்டுத் தரையில் வைத்துவிட்டு ஃபிரிட்ஜைத் தள்ளினாள். பதினைந்து நாளில் அதன் கால் மரத் தரையில் பதிந்துபோயிருந்தது. தாயும் மகளும் தோளைக் கொடுத்து முட்டினார்கள். வரிசையில் நீங்கள் ஐந்தாவது ஆள் என்றது போன். ஃபிரிட்ஜ் அரையடி நகர்ந்தது. டேப்பை நகத்தால் கீறி உரித்தார்கள். ராஸ் அதை எத்தனை சுற்று ஒட்டியிருந்தான் என்பது அப்போதுதான் தெரிந்தது. நான்காவது ஆள்.

கதவு திறந்தது. உள்ளே சாதாரண அறை. இரும்புக் கட்டில், கை கழுவும் தொட்டி. ஜன்னலுக்கு வெளியே வழியில்லை, சுவர்ப்பலகை அடைத்திருந்தது. மேஜைமேல் நாற்காலி, நாற்காலிமேல் டோஸ்டர், அதற்கு நேர் மேலே கூரையில் அலாரம். தரையில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர், முகமெல்லாம் கரியோடு, சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அவருக்குக் குரல் இல்லை, காற்றுதான் வந்தது.

"ரொட்டி தீர்ந்துபோச்சு" என்றார்.

கிளெனிஸ் அவர் அக்குளில் கைகொடுத்துத் தூக்கினாள். ஷோனா காலைப் பிடித்தாள். அறை வாசல்வரை வந்ததும் அவர் திமிறினார். "என் கெட்டில்" என்றார்.

"கெட்டிலை விடுய்யா, வா."

அவரை இழுத்து நடைவழியில் போட்டபோது மணி பதினொன்று. நாற்பது கிலோமீட்டர் தள்ளி, கறுப்பு டை கட்டிய ராஸின் கண்முன்னே, பில்பீம் பேனா மூடியைத் திறந்து, படுக்கையறைக்கும் உறங்குவோருக்கும் போட்டிருந்த நாலை அடித்து மூன்று என்று எழுதினார். அந்தக் கணமே இங்கே கதவு இருந்த இடத்தில் சுவர் இருந்தது. அந்த ஆளின் இடது பூட்ஸ் கயிற்றின் நுனி சுவருக்குள் மாட்டிக்கொண்டிருந்தது; கத்தரிக்கோலால் வெட்டித்தான் எடுத்தார்கள்.

அவர் தண்ணீர் குடித்துவிட்டுக் கிளெனிஸைப் பார்த்துச் சொன்னார்: "யாராச்சும் வந்து பாப்பீங்கன்னு தினமும் ரொட்டிய தீச்சேன். நீங்க தினமும் வெளிய ஓடினீங்க."

கிளெனிஸ் பதில் சொல்ல வாயெடுத்தபோது தரையிலிருந்த போனில் ஒரு பெண், காத்திருந்ததற்கு நன்றி, என்ன உதவி வேண்டும் என்று கேட்டாள்.

"ஒண்ணும் வேணாம்மா" என்றாள் கிளெனிஸ்.

அவர் பெயர் லீத் டன்ஃபி. சர்க்கரை ஆலைக் கொதிகலனில் இருபது வருடம் வேலை பார்த்ததில் தொண்டை போனவர். இரவு ஷிஃப்ட். ஊரின் மறுகோடியில், ரிட்ஜ் ரோட்டில், அக்கா நோலாவின் வீட்டில் நான்காவது படுக்கையறையில் குடியிருந்தார். பில்பீம் கிரீம் பன் சாப்பிட்ட அந்தக் காலையில் இரண்டு வீட்டுப் படிவங்களும் இடம் மாறிவிட்டன; பாஸ்கோ வீட்டுக்கு நான்கு, நோலா வீட்டுக்கு மூன்று. பகல் தூக்கத்தில் இருந்த லீத், அறையோடு சேர்ந்து வந்துசேர்ந்தார். அவர் காணாமற்போனதை நோலா வீட்டில் யாரும் கவனிக்கவில்லை. அறை இருந்த இடத்தில் நல்ல வழவழப்பான சுவர் கிடைத்ததால், மூன்றாம் நாளே அதில் பெரிய டிவி மாட்டியிருந்தார்கள். ஆலையில் அவருக்கு உடம்பு சரியில்லை என்று தாங்களாகவே எழுதிக்கொண்டார்கள்.

நோலா ஞாயிற்றுக்கிழமை வந்தாள். கையில் கேக் டப்பாவும் சான்றிதழும்.

"எங்க வீட்டுல மூணு பேருன்னுதான்டா போட்டிருக்கு, லீத்."

"நான் உன் தம்பி, நோலா."

"தெரியும்டா. ஆனா திருத்தச் சொல்லிப் போய் நின்னா, அந்தாளு பேனா எங்க போய் விழுமோ. எனக்கு ரெண்டு பொண்ணுங்க இருக்கு."  கேக்கை வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

அந்த வருடம் பிழையற்ற சேவைக்காக அலுவலகம் பில்பீமுக்கு ஒரு கேடயம் கொடுத்தது. அவர் இருபது நிமிடம் பேசினார். தன்னுடைய வீட்டுப் படிவத்தை மட்டும் அவர் இன்னும் நிரப்பவில்லை என்று அங்கே வேலை பார்ப்பவர்கள் சொல்கிறார்கள்.

லீத் பாஸ்கோ வீட்டிலேயே இருந்துவிட்டார். பின்பக்க வெயிலறையில் ஒரு சோஃபாவை விரித்துப் பகலில் தூங்குகிறார், எழுந்ததும் மடித்துவிடுகிறார். யாராவது தூங்குகிற இடம் என்றால் விதிப்படி அங்கே ஓர் அலாரம் மாட்ட வேண்டும். மாட்டினால் படிவம் கொடுக்க வேண்டும். ஆகவே அவர் தூங்கும் நேரத்தில் வீட்டில் இருப்பவர்களில் ஒருவர் மாற்றி ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து, புகை வாசனை வருகிறதா என்று மோந்து பார்த்துக்கொள்கிறார்கள். முதல் முறை ராஸ்தான், யாரும் கேட்காமலே, நாற்காலியைக் கொண்டு வந்து போட்டான். மூன்று வருடங்களாக இப்படித்தான் நடக்கிறது. மூன்று பேர் உறங்குவதாகச் சொல்லும் சான்றிதழ் நடைவழிச் சுவரில் சட்டம் போட்டுத் தொங்குகிறது. அதற்குத் தூசு தட்டுவதற்குக்கூட யாரும் கையை நீட்டுவதில்லை.