பாசி கழுவிய கூரை

எங்கள் வீட்டுக் கூரைக்குத் தார் ஓடு போட்டவன் எல்டன். அமெரிக்காவின் ஓரிகனில், எங்கள் பள்ளத்தாக்கில் பாதி வீடுகளுக்கு அவன்தான் ஆணி அடித்தவன். வேலை முடிந்த அன்று, "இருபத்தஞ்சு வருஷத்துக்குக் கவலையில்ல, ஹார்லன்" என்றான். பதினோராம் வருஷமே படுக்கையறை சீலிங்கில் ஈரம் படர்ந்தது.

எனக்கு வந்த கோபத்தில் அவனுக்கு ஒரு போன்கூடச் செய்யவில்லை. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் ஆராதனை முடிந்து எல்லோரும் காப்பிக் கோப்பையோடு நின்றபோது சத்தமாகவே சொன்னேன்: "மட்டமான சரக்கை என் தலையில கட்டிட்டான்." சர்ச் கூரையை மாற்றும் வேலை அந்த மாதம் எல்டனுக்குப் போவதாக இருந்தது. கமிட்டிக்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்போது எனக்கு உள்ளூரத் திருப்தியாக இருந்தது.

செவ்வாய்க்கிழமை அவனே ஏணியோடு வந்து நின்றான்.

"ஏன்யா, ஊருக்கெல்லாம் சொன்ன. எனக்குச் சொல்லலையே?"

முதலில் கூரைக்கு அடியிலிருக்கும் பரணுக்குள் தவழ்ந்து போனான். சூடும் ஈரமும் வெளியேற வழியில்லாவிட்டால் ஓடு அடியிலிருந்தே வெந்துபோகுமாம். அங்கே அடைப்பு எதுவும் இல்லை. கூரைமேல் ஏறி, ஓட்டின் நுனியைத் தூக்கி ஆணிகளைப் பார்த்தான். எல்லாம் அடிக்கவேண்டிய இடத்தில்தான் இருந்தன. பிறகு வடக்குப் பக்கம், மரநிழல் விழும் சரிவில், வெகுநேரம் குந்தியிருந்தான். இறங்கும்போது கையில் ஒரு துண்டு ஓடு இருந்தது. மேலே ஒட்டியிருக்க வேண்டிய கல்பொடி போய், வெறும் தார் பளபளத்தது.

"இந்தப் பொடிதான் ஓட்டுக்குத் தோல் மாதிரி. இது போச்சுன்னா வெயிலும் மழையும் தாரைத் தின்னுடும். அங்க கோடு கோடா உரிஞ்சிருக்கு. பிரஷர் வாஷர் வெச்சு அடிச்சியா?"

"நானா? இல்லையே."

அவனுக்குக் காப்பி கொண்டுவந்த என் மனைவி வெர்லா வாசலிலேயே நின்றாள். "என்ன இல்லையே? பாசி புடிச்சிருக்குன்னு பக்கத்து வீட்டு மெஷினை இரவல் வாங்கி, ரெண்டு நாள் கூரைமேலயே குடியிருந்தியே! பூச்செடி மேலெல்லாம் கறுப்பு மணலா கொட்டிக் கெடந்துச்சு. நான்தானே பெருக்கி அள்ளினேன்."

அவள் நல்ல எண்ணத்தில்தான் சொன்னாள். எனக்குக் காது மடல் இரண்டும் சுட்டன. எல்டன் என் முகத்தைப் பார்க்காமல் ஏணியை மடக்கினான்.

"பாசிக்கு மருந்து தெளிச்சா தானா காஞ்சு உதிரும். தண்ணிய மட்டும் பீச்சிடாதேன்னு ஓடு போட்ட அன்னிக்கே சொன்னேன், ஹார்லன்."

சொல்லியிருந்தான். சர்ச்சில் வாய் திறந்தபோது அது எனக்கு ஞாபகம் இருந்ததா என்று கேட்டால், இருந்தது. அதனால்தான் அவ்வளவு சத்தமாகப் பேசினேனோ என்னவோ.

அடுத்த ஞாயிறு சர்ச்சில், காப்பிக்கு முன்னாலேயே எழுந்து நின்று எல்லாவற்றையும் சொன்னேன். கமிட்டித் தலைவி தரையைப் பார்த்தபடி, "கூரை வேலைய வேற ஆளுக்குக் கையெழுத்துப் போட்டுக் குடுத்தாச்சே" என்றாள். கடைசி வரிசையிலிருந்த எல்டன் தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே போனான்.

இருந்தும், மழைக்காலம் தொடங்குமுன் வந்து வடக்குச் சரிவை முழுக்க மாற்றிப் போட்டான். மத்தியானம் வெர்லா சாப்பிடக் கூப்பிட்டாள். "கொண்டாந்திருக்கேன்மா" என்று தன் டிரக்கில் உட்கார்ந்து சாண்ட்விச்சைப் பிரித்தான். நான் அருகே போய் நின்றேன்.

"தெக்குப் பக்கம் இன்னும் பத்து வருஷம் தாங்கும்" என்றான் மென்றுகொண்டே. "நீ மேல ஏறாம இருந்தா."

கேலியா என்று அவன் முகத்தைப் பார்த்தேன். அதற்குள் டிரக்கின் கதவுக் கண்ணாடியை ஏற்றிவிட்டான்.