மாப்பிள்ளை கொடுத்த கிஃப்ட் கார்டு

என் புருஷனுக்கு உத்தியோகமே 'முடியாது' என்று சொல்வதுதான். நாலு மாடி வீட்டுச் சாமான் கடை; வாளியிலிருந்து ரேடியோ, கைப்பை வரைக்கும் எல்லாம் கிடைக்கும். அதில் இரண்டாவது மாடியில், லிஃப்டுக்குப் பக்கத்தில் அவருக்கு ஒரு மேஜை. தலைக்கு மேல் 'வாடிக்கையாளர் சேவை' என்று பலகை. மேஜையில் ஒரு கணினி, தூசி படிந்த ஒரு பிளாஸ்டிக் செடி. சட்டையில் 'நான் உதவலாமா?' என்று கேட்கிற ஒரு பேட்ஜ். கைப்பிடி உடைந்த வாளியோடு வருகிறவர், மூடி சேராத டப்பாவோடு வருகிறவர், பில்லைத் தொலைத்துவிட்டு வருகிறவர் என்று எல்லோருக்கும் காலையிலிருந்து முடியாது முடியாது என்று சொல்லித் தீர்த்துவிட்டு வருவார். அதனாலோ என்னவோ, வீட்டில் அந்த வார்த்தை அவர் வாயில் வராது. பக்கத்து வீட்டுக்காரர் ஏணி கேட்டால், ஏணியோடு போய் பல்பையும் மாட்டிக் கொடுத்துவிட்டு வருவார்.

எங்கம்மா விஷயத்தில் கேட்கவே வேண்டாம்.

அம்மா டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவள். ஆயுசில் பாதியை ஊரார் காதில் "லைன்ல இருங்க" என்று சொல்லியே கழித்தவள். அவளை யாரும் லைனில் காக்க வைத்துவிட முடியாது. ஒருத்தரை எடைபோட முகத்தைப் பார்க்க மாட்டாள். கண்ணை மூடிக்கொண்டு குரலைக் கேட்பாள். கேட்டு முடித்துவிட்டு, "இவன் புளுகறான்" என்பாள். பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும். அந்த வீட்டில் பெண்ணாகப் பிறந்து, பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போடக்கூட வழியில்லாமல் வளர்ந்தவள் நான். என் எரிச்சல் எனக்குத்தான் தெரியும்.

எனக்கு மாப்பிள்ளை பார்த்ததும் அப்படித்தான். குக்கர் மூடிக்கு ரப்பர் வளையம் கிடைக்கவில்லை என்று இந்தக் கடைக்குப் போன் போட்டிருக்கிறாள். எடுத்தவர் இவர். "அடுத்த வாரம் வந்துடும்னு சொல்லச் சொல்லியிருக்காங்கம்மா. ஆனா வராது. அந்த மாடலையே நிறுத்திட்டாங்க" என்றாராம். அம்மா போனை வைத்தாள், செருப்பை மாட்டினாள், நேரே கடைக்குப் போய் அந்தக் குரலுக்குச் சொந்தக்காரரைத் தேடிப் பிடித்து, கல்யாணம் ஆயிடுச்சா என்று விசாரித்தாள். "புகார் மேஜையில உக்கார்றவனுக்கா பொண்ணு குடுக்கப் போற?" என்று பெரியப்பா குதித்தார். "பொய் சொல்லாத குரல். எனக்கு அது போதும்" என்று அம்மா அவர் வாயை அடைத்தாள். அன்றிலிருந்து சொந்தக்காரர்கள் யார் அகப்பட்டாலும் என் மாப்பிள்ளை, என் மாப்பிள்ளை என்று ஒரே பாட்டு. நான் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் தினமும் அத்தனை பேருக்கு வலிக்காமல் ஊசி குத்துகிறேன். அதைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது.

போன மாதம் கடையில் போனஸைப் பணமாகத் தராமல் கிஃப்ட் கார்டாகக் கொடுத்தார்கள். அதே கடையில்தான் செலவழிக்க வேண்டுமாம். இந்தக் கையால் கொடுத்து அந்தக் கையால் பிடுங்கிக்கொள்வதற்குப் பெயர் போனஸ். பத்து நாள் கழித்துத்தான் அதை வீட்டில் சொன்னார். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. அவரோ சாதுவாக, "அத்தைக்குப் பிறந்தநாள் வருதே, அவங்களுக்கே குடுத்துடலாமா?" என்று கேட்டார். அதற்கு முந்தின வாரம்தான் எங்கள் கல்யாண நாளுக்கு எனக்கு ஒரு தோல் கைப்பை வாங்கித் தந்திருந்தார். ஓவர்டைம் பணம் போலிருக்கிறது என்று நானே நினைத்துக்கொண்டேன். ஒரே மாதத்தில் பெண்டாட்டிக்கும் மாமியாருக்கும் பரிசு கொடுக்கிற மனுஷன் எந்த வீட்டில் இருக்கிறார்? எனக்கு மனசு குளிர்ந்துபோயிற்று.

அம்மா உறையைப் பிரித்து, கார்டின் மேல் தங்க எழுத்தில் இருந்த 'ஐயாயிரம்' என்பதைச் சத்தமாகப் படித்தாள். இவர் சுழலாத மின்விசிறியை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

சனிக்கிழமை காலையில் அம்மா போன் செய்தாள்.

"கடைக்காரன் என்னை ஏமாத்திட்டான்டி. கிளம்பி வா."

ஆசைப்பட்டு ஒரு ரேடியோ எடுத்திருக்கிறாள். கல்லாவில் இருந்த பெண் கார்டைத் தேய்த்துப் பார்த்துவிட்டு, இதில் பாதிப் பணம்தான் இருக்கிறது என்று சொல்லியிருக்கிறாள். பின்னால் நிற்கிறவர்கள் எல்லாம் பார்த்திருக்கிறார்கள். அம்மா அந்தப் பெண்ணை ஒரு பிடி பிடித்துவிட்டு, ரேடியோவைத் திரும்ப வைத்துவிட்டு, ஒரு அலாரம் கடிகாரமும் சப்பாணி மாதிரி ஆடுகிற ஒரு ஸ்டூலும் வாங்கி வந்திருக்கிறாள். அதற்குப் பிறகும் கார்டில் முப்பத்தெட்டு ரூபாய் மிச்சம். அந்தக் கடையிலேயே ஆக மலிவான சாமான் கதவுக் கொக்கி, அது நாற்பத்தைந்து. மாதக் கடைசியில் கார்டு காலாவதி.

"அவருக்கு ஒரு போன் போட்டுச் சொல்லிடலாம்மா."

"ஆபீஸ்ல போய் சொந்தம் கொண்டாடக் கூடாது. மாப்பிள்ளைக்குக் கெட்ட பேரு வந்துடும். முறைப்படி டோக்கன் எடுத்துத்தான் நிப்பேன்."

எடுத்தாள், நின்றாள். எங்களுக்கு முன்னால் ஒருத்தர் இஸ்திரிப் பெட்டியைக் குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டு நின்றார். பின்னாலும் வரிசை நீண்டது. அம்மாவைப் பார்த்ததும் இவர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். அம்மா, உட்காருங்கள் என்று கையால் ஜாடை காட்டினாள். இஸ்திரிப் பெட்டிக்காரருக்கு முடியாது என்று சொல்லி முடித்த பிறகு எங்கள் எண் வந்தது.

"சொல்லுங்க... மேடம்," என்றார்.

அம்மாவுக்கு ஒரே பூரிப்பு. பிறகு குரலை அரசாங்கக் குரலாக மாற்றிக்கொண்டாள். "என் மாப்பிள்ளை எனக்கு முழுசா ஐயாயிரத்துக்கு ஒரு கார்டு குடுத்தார். அவர் பொய் சொல்ற ஆள் இல்ல. அப்ப மீதிப் பணத்த உங்க மெஷின்தான் முழுங்கியிருக்கணும். எப்ப கக்கும்?"

இவர் திருதிருவென்று விழித்தார். "சிஸ்டம் கொஞ்சம் ஸ்லோவா இருக்கு மேடம்... செக் பண்ணிட்டு ரெண்டு நாள்ல நாங்களே..."

அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். "இது யார் குரல்?" என்று தனக்குள் கேட்டுக்கொண்டாள்.

எனக்குப் பொறுக்கவில்லை. பெற்ற தாய் ஏமாந்து நிற்கிறாள், கட்டினவர் கடைக்காரன் பக்கம் பேசுகிறார். "நல்லா கேளும்மா! விடாத!" என்று கத்திக்கொண்டே என் கைப்பையைத் தூக்கி மேஜை மேல் பொத்தென்று வைத்தேன். அவர் அந்தப் பையைப் பாம்பைப் பார்ப்பது போலப் பார்த்துவிட்டு நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டார்.

அந்த நேரம் பார்த்து செண்ட் வாசனை வந்தது. வாசனைக்குப் பின்னால் மானேஜர் வந்தார். கடையில் அவருக்கு செண்ட் சார் என்றுதான் பெயர். விஷயத்தை அரைகுறையாகக் காதில் வாங்கிக்கொண்டு, அம்மாவிடம் பல்லைக் காட்டினார்.

"கார்டுல பணம் குறைஞ்சா அது கேஷ் கவுண்டர் தப்புதாம்மா. நீங்க கவலைப்படாதீங்க. அந்தப் பொண்ணோட சம்பளத்துல பிடிச்சுக்கறோம்." சொன்ன கையோடு கீழே போன் போட்டு அந்தப் பெண்ணை மேலே வரச் சொன்னார்.

அந்தப் பெண் வந்தாள். வேலைக்குச் சேர்ந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருக்க வேண்டும். சீருடை அவளுக்கு ஒரு சுற்றுப் பெரிதாக இருந்தது. "நான் எதுவும் எடுக்கல சார், மெஷின் காட்டினதத்தான் சொன்னேன்," என்றாள். சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

என் புருஷன் எழுந்து நின்றார்.

"சார், அந்தப் பொண்ணு எடுக்கல. அந்தக் கார்டுல பாதிய நான்தான் செலவு பண்ணேன்." பிறகு அம்மா பக்கம் திரும்பினார். "அத்தை, நான் குடுக்கும்போதே அதுல பாதிதான் இருந்துச்சு. மேல போட்டிருந்ததப் படிச்சு நீங்க சந்தோஷப்பட்டீங்க. அப்ப எனக்கு வாய் வரல."

வரிசை முழுக்க எட்டிப் பார்த்தது.

"பாதிய என்ன பண்ணீங்க?" என்று கேட்டது நான்தான்.

அவர் மேஜையைக் காட்டினார். மேஜையில் என் பை இருந்தது.

எனக்குக் கழுத்து வரைக்கும் சூடேறியது. பரிசோதனைக் கூடத்தில் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் காட்டிய பை. "ஓவர்டைம் பணம்னு நினைச்சேனே!"

"நான் அப்படிச் சொல்லலியே."

"இல்லைன்னும் சொல்லலியே!"

அம்மா இன்னும் கண்ணைத் திறக்கவில்லை. பெரியப்பா முகம் எனக்கு நினைவுக்கு வந்தது. இவ்வளவு நாள் ஊர் முழுக்க அவள் பாடிய பாட்டு அவ்வளவுதான் என்று நினைத்தேன். இவரும் அதைத்தான் நினைத்திருப்பார். எனக்கு அவர் மேல் கோபம் கோபமாக வந்தது. அதே சமயம் அம்மா இவரை எதுவும் சொல்லிவிடக் கூடாதே என்றும் இருந்தது.

அம்மா கண்ணைத் திறந்தாள். முதலில் அந்தப் பெண்ணிடம் போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "நான் உன்னை அத்தனை பேர் முன்னாடி திட்டினேன். தப்பு என் மேலதாம்மா. இப்பவும் அத்தனை பேர் முன்னாடிதான் சொல்றேன், மன்னிச்சுக்கோ." பிறகு மேஜைக்குத் திரும்பி வந்தாள்.

"ரேடியோ கிடக்கட்டும் மாப்பிள்ளை. ஆனா இந்தப் பொண்ணு அழுதுடுச்சு பாருங்க, அதுதான் எனக்குத் தாங்கல."

"நான் பொய் சொல்லல அத்தை. சும்மா இருந்துட்டேன்."

"லைன்ல ரொம்ப நேரம் சும்மா இருந்தா கட் ஆயிடும் மாப்பிள்ளை," என்றாள் அம்மா. "தப்பா நினைச்சுக்காதீங்க. இவ்வளவு நேரம் வேற யாரோ பேசிட்டிருந்தாங்க. இப்பதான் உங்க குரல் கேக்குது."

அவர் பொத்தென்று உட்கார்ந்தார். எனக்கே கண் கலங்கியது, காட்டிக்கொள்ளவில்லை.

விஷயம் அதோடு முடிந்தது என்று நினைத்து செண்ட் சார் நகரப் பார்த்தார். அவருக்கு எங்கம்மாவைத் தெரியாது.

"குரல் வந்த கையோட இன்னொண்ணும் கேட்டுடறேன்," என்று அம்மா டோக்கனைத் திரும்பவும் மேஜையில் வைத்தாள். "இந்தக் கார்டுல மிச்சம் முப்பத்தெட்டு இருக்கு. இந்தப் பணத்துக்கு உங்க கடையில வாங்க ஒண்ணும் கிடையாது. மாசக் கடைசியில அதுவும் செத்துப் போகுமாம். இது யாரோட பணம்?"

செண்ட் சார் முந்திக்கொண்டார். "பரிசு அட்டையின் மீதித் தொகை ரொக்கமாத் தரப்பட மாட்டாதும்மா. வேணும்னா இன்னும் கொஞ்சம் கைப்பணம் போட்டு ஏதாவது..."

"நான் உங்களக் கேக்கல. என் மாப்பிள்ளையக் கேட்டேன்."

இவர் மானேஜரைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், கண்ணீரைத் துடைத்துக்கொண்டு நின்ற அந்தப் பெண்ணைப் பார்த்தார். நானும் பையின் வாரை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அவரையே பார்த்தேன். மறுபடி மின்விசிறியைப் பார்க்கப் போகிறாரோ என்று பயம்.

"உங்க பணம்தான் அத்தை," என்றார். "இவ்வளவு சின்னத் தொகை மிஞ்சினா, கேட்டவங்களுக்கு ரொக்கமா குடுத்தே ஆகணும். எங்க கடை விதியிலயே இருக்கு. ஆனா யாராவது கேட்டாத்தான் குடுக்கணும், நாங்களா சொல்லக் கூடாதுன்னு எங்களுக்கு உத்தரவு."

"அப்ப நான் கேக்கறேன்," என்றாள் அம்மா.

"நானும் கேக்கறேன்," என்றது பின்னால் ஒரு குரல். இஸ்திரிப் பெட்டிக்காரர் இன்னும் போகாமல் வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார். பெட்டியைத் தரையில் வைத்துவிட்டு பர்ஸைக் குடைந்தார். அவருக்குப் பின்னால் ஒரு அம்மாள் பிள்ளையை இடுப்பு மாற்றிக்கொண்டு குடைந்தாள். வரிசை முழுக்கப் பர்ஸ் திறக்கிற சத்தம். எல்லோரிடமும் ஒன்று இருந்தது. நசுங்கியது, முனை மடங்கியது, தங்க எழுத்து அழிந்துபோனது என்று எத்தனை விதம்! தூக்கிப் போடவும் மனசில்லாமல், செலவழிக்கவும் வழியில்லாமல் இத்தனை பேர் இதைச் சுமந்துகொண்டு திரிந்திருக்கிறார்கள். இஸ்திரிப் பெட்டிக்காரரிடம் மூன்று இருந்தன. செண்ட் சார் போன இடம் தெரியவில்லை. வாசனை மட்டும் கொஞ்ச நேரம் நின்றது.

அன்று சாயங்காலம் வரைக்கும் என் புருஷன் ஒரு 'முடியாது'கூடச் சொல்லவில்லை.

நாங்கள் பஸ் நிறுத்தத்தில் காத்திருந்தோம். கழற்றிய டை சட்டைப்பையில் எட்டிப் பார்க்க, தொங்கிய முகத்தோடு வந்தார். திங்கட்கிழமையிலிருந்து மேஜை கிடையாதாம். போன் பிரிவுக்கு மாற்றிவிட்டார்களாம். முகத்தைக் காட்டி உண்மை பேசினால் கூட்டம் கூடிவிடுகிறது என்று செண்ட் சார் முடிவு பண்ணியிருக்கிறார்.

"அதுதான் உங்க இடம் மாப்பிள்ளை," என்று அம்மா சிரித்தாள். "நான் தினம் ஒரு போன் போடறேன்."

"அடுத்த மாசச் சம்பளத்துல உங்களுக்கு ரேடியோ, அத்தை."

"அவசரமே இல்ல. முழுசா வாங்க முடியும்போது வாங்குங்க." பிறகு என் பக்கம் திரும்பினாள். "பையைத் திறடி."

திறந்தேன். அந்த முப்பத்தெட்டையும் நோட்டும் சில்லறையுமாக உள்ளே போட்டாள்.

"பை வாங்கிக் குடுத்தா வெறும் பையாவா குடுக்கறது? எவ்வளவு நல்ல பை! என் கார்டுல பாதி இதுக்குப் போகுதுன்னு தெரிஞ்சிருந்தா, நானே இன்னும் கொஞ்சம் பெரிசாப் பாத்து எடுக்கச் சொல்லியிருப்பேன்."

அவர் அசடு வழியச் சிரித்தார். பஸ் வந்தது. வீடு போய்ச் சேரும் வரைக்கும் நான் அவரோடு பேசவில்லை. சில்லறை மட்டும் ஒவ்வொரு குலுக்கலுக்கும் சத்தம் போட்டுக்கொண்டே வந்தது. பையை எங்கள் இரண்டு பேர் மடியிலும் படும்படி வைத்துக்கொண்டேன்.