சிவப்பு டேப்பு

கிள்ளான் வட்டாரத்துல பாத்திரம் கழுவுற மெஷினப் பிரிச்சு மாட்டத் தெரிஞ்சவன் நான் ஒருத்தன்தான்னு தொண்ணூத்திரண்டுல எனக்கு ஒரு திமிரு. அது எப்படிப் போச்சுன்னு சொல்றேன், கேளுங்க.

பெட்டாலிங் ஜெயாவுல கனகேஸ்வரி ஆன்டி வீடு. யாழ்ப்பாணத்துக்காரங்க, ரிட்டயரான ஹெட்மிஸ்ட்ரஸ். மெஷின்ல பம்பு அடைச்சிக்கிச்சுன்னு ஆயுத பூசையன்னிக்குக் கூப்பிட்டாங்க. நான் வேலைய முடிக்கிற நேரம், வீட்டு வேலை பாக்குற பவுனம்மா அக்கா சந்தனக் கிண்ணத்தோட வந்தாங்க. மெஷினுக்குப் பொட்டு வச்சு, என் டூல்பாக்ஸுக்கும் ஒன்னு வச்சாங்க.

"உங்களுக்கு ஆயுதம் இதுதானே தம்பி. சுண்டல் ஆறுது, வாங்க."

மூடிட்டு எழுந்து போயிட்டேன். ஒரு தடவை ஓட்டிக்கூடப் பாக்கல.

ரெண்டு நாள்ல மறுபடியும் போன். தண்ணி சூடாவல, தட்டெல்லாம் பிசுபிசுன்னு வருதாம். போய்ப் பாத்தா பட்டன்மேல சந்தனம் வழிஞ்சு கெடக்கு. அடித்தகட்டக் கழட்டி ஹீட்டர் வயரப் பாக்கணும், மொத வேலையே அதான். நான் குனியவே இல்ல. வாய் முந்திக்கிச்சு.

"மெஷினுக்குப் பூசை பண்ணா இப்படித்தான் ஆன்டி. ஈரம் உள்ள போயி கரண்டு போர்டு போச்சு லா."

"வெரல் நுனியிலதான் தொட்டு வச்சேன் தம்பி," பவுனம்மா அக்கா சொன்னாங்க.

"தெரியாததத் தொடாதீங்கக்கா"ன்னு அடக்கிட்டேன். மறுநாளே ஆன்டி அவங்கள வேலைய விட்டு நிப்பாட்டிட்டாங்க.

அடுத்த வாரம் புது போர்டு மாட்டினேன். தண்ணி பச்சத் தண்ணியாவே இருந்துச்சு. அப்பதான் அடித்தகட்டக் கழட்டினேன். ஹீட்டர் வயரு தனியாத் தொங்குது, முனையில சிவப்பு டேப்பு. வேலைக்காகக் கழட்டுற வயர மறக்காம திரும்ப மாட்டணும்னு நான் சுத்துற டேப்பு. சுண்டலுக்குப் போற அவசரத்துல மாட்டாமலே மூடியிருக்கேன்.

மாட்டினேன். பத்து நிமிசத்துல ஆவி வந்துச்சு.

"போர்டுதானா நாகையா?"ன்னு ஆன்டி என்னக் கேட்டாங்க.

ஆமான்னு சொன்னா முடிஞ்சுது. சொல்லத்தான் வாயத் திறந்தேன். டூல்பாக்ஸ்ல காஞ்சு ஒட்டியிருந்த பொட்டு கண்ணுல பட்டுச்சு.

"இல்ல ஆன்டி. நாந்தான்."

எல்லாத்தையும் சொன்னேன். வெக்கத்துல தலை நிமிரல. ஆன்டி நாற்காலிய இழுத்து உக்காந்துட்டாங்க.

"நான் அவ முகத்தில எப்பிடி முழிக்கிறது? நீயே போய்க் கூட்டிட்டு வா."

பிரிக்பீல்ட்ஸ்ல பவுனம்மா அக்கா வீட்டு வாசல்ல நின்னு, சொன்னதையே திரும்பச் சொன்னேன். அக்கா முழுசாக் கேட்டாங்க.

"மெஷின் இப்ப சூடாவுதா தம்பி?"

"ஆவுதுக்கா. ஆன்டி உங்கள வரச் சொன்னாங்க."

"பேக்டரியில கூட்டுற வேலை கெடச்சிருச்சு. அங்க எதையும் தொட வேண்டாம், கூட்டுனா போதும்."

திட்டியிருந்தாத் தேவல. நம்ம ஆளுங்க வீட்டுக்குத் தபால்காரன் வந்தாலும் தேத்தண்ணி குடிக்கிறீங்களான்னு கேப்பாங்க. அக்கா கேக்கல. நானும் வாசல்லருந்தே திரும்பி வந்துட்டேன்.