உட்கார்ந்தவருக்கு வெட்டிய கோட்டு

அண்ணனின் இடது கன்னத்தில் கத்தி வழுக்கியது. சித்தப்பா சட்டென்று கையை எடுத்துக்கொண்டார்.

அந்தக் கை இதுவரை வழுக்கியதே கிடையாது. ஆனால் அண்ணன் உயிரோடு இருந்தவரை, கத்தி கன்னத்துப் பக்கம் வந்ததும் நாக்கால் உள்ளிருந்து முட்டுக் கொடுத்துத் தோலை விறைப்பாக்கித் தருவார். தம்பி கேட்கவே வேண்டியதில்லை. இன்று அந்த முட்டு இல்லை. சித்தப்பா விரலால் தோலை இழுத்துப் பிடித்துக்கொண்டு விட்ட இடத்திலிருந்து தொடங்கினார்.

அண்ணன் மகளுக்குத்தான் அவர் சித்தப்பா. ஆனால் தெருவுக்கே அதுதான் பெயர், சலூன் பலகையிலும் அதுதான் எழுதியிருக்கும். அண்ணன் விடிகாலையில் தூக்கத்திலேயே போய்விட்டார். அடக்கம் நாளைக்கு. மருத்துவமனையின் பின்பக்க அறையில், தலைமாட்டில் ஸ்டூல் போட்டு அண்ணி உட்கார்ந்திருந்தாள். இன்னும் அழவில்லை. சோப்பு நுரைக் கிண்ணத்தை ஏந்திக்கொண்டிருந்தாள்.

"சித்தப்பா, அப்பாவுக்குச் சட்டை போட்டுட்டீங்களா?"

வாசலில் ஊசி, அண்ணன் மகள். உடம்பும் ஒல்லி, வாயும் குத்தும் என்று அப்பா வைத்த பெயர். ஆடை வடிவமைப்புக் கல்லூரியில் கடைசி வருடம். கையில் பெரிய துணிப்பை.

"இன்னும் இல்லம்மா. மோவாய் பாக்கி."

"சட்டை வேணாம். இதப் போடுங்க."

பையிலிருந்து கரும்பச்சைக் கோட்டு வெளியே வந்தது. சித்தப்பா கத்தியை நிறுத்தினார். அது இன்று மாலை மேடை ஏற வேண்டிய கோட்டு.

படிப்பை முடிக்கிற பிள்ளைகள் ஆளுக்கு ஆறு உடுப்பு தைத்து, ஆறையும் ஆட்கள் மேல் போட்டு மேடையில் காட்ட வேண்டும். ஒன்று குறைந்தாலும் கணக்கில் சேராது. மற்ற பிள்ளைகள் நடக்கிறவர்களுக்குத் தைத்தார்கள். ஊசி உட்கார்ந்தே இருப்பவர்களுக்குத் தைத்தாள். லாரியிலிருந்து விழுந்த நாள் முதல் அவள் அப்பாவுக்குச் சக்கர நாற்காலிதான் கால். ஞாயிற்றுக்கிழமை அவரோடு நாற்காலியில் இருந்தபடியே கூடைப்பந்து ஆடும் கூட்டாளிகள் ஐந்து பேருக்கு ஐந்து உடுப்பு. ஆறாவது, கடைசியாக வருவது, அப்பாவுக்கு.

நேற்றுகூட அண்ணன் சலூனுக்கு வந்து பீற்றிக்கொண்டார். "ஒவ்வொருத்தன் பட்டினி கெடந்து மாடல் ஆகுறான்டா. நான் பாரு, உட்கார்ந்த எடத்துலயே ஆயிட்டேன்."

"இத இப்பப் போட்டுட்டா சாயங்காலம்?" என்றார் சித்தப்பா.

"சாயங்காலம் கிடையாது. காலேஜ் மேடத்துக்கு போன் பண்ணிச் சொல்லிட்டேன். அடுத்த வருஷம் பாத்துக்கலாம்னாங்க. அப்பாவுக்குத் தச்சது, அப்பாவோட போகட்டும்."

 சித்தப்பா மோவாயை முடித்தார். மூவருமாகத் தூக்கி, சாய்த்து, ஒரு கையை நுழைத்து, மறு கையை நுழைத்து, மெல்லப் படுக்க வைத்துப் பித்தானைப் போட்டார்கள்.

கண்கொண்டு பார்க்க முடியவில்லை. காலர் மோவாயை முட்டிக்கொண்டு நின்றது. தோள் இரண்டும் முன்னுக்கு இழுத்தன. முன்பக்கம் இடுப்போடு நின்றுபோய், தம்பி கோட்டை அண்ணன் பிடுங்கிப் போட்ட மாதிரி இருந்தது. முதுகுத் துணி அடியில் திரண்டு ஒரு பக்கம் முட்டியது.

"அவசரத்துல அளவு பிசகிடுச்சாம்மா?" என்று மெதுவாகக் கேட்டார்.

ஊசி கோட்டின் மேல் குனிந்தாள். பையிலிருந்து சின்னக் கத்தரியை எடுத்துத் தோள் மூட்டில் வைத்தாள். ஒரு தையல் அறுந்தது. இன்னொன்று. அப்புறம் கை நின்றுவிட்டது. கோட்டின் ஒவ்வொரு சுருக்கமாக விரலை ஓட்டிப் பார்த்தாள்.

"பிசகல சித்தப்பா."

"பின்ன?"

"சரியா இருக்கு. மடியில துணி மடங்கக் கூடாதுன்னு முன்னாடி கட்டையா வெட்டினேன். சக்கரத்தத் தள்ளக் கை முன்னால போகும், அதான் தோள் அப்படி. குனிஞ்சு தள்றப்ப முதுகு தெரியக் கூடாது, அதான் பின்னாடி அவ்வளவு துணி. உட்கார்ந்தாதான் இது கோட்டு. படுத்தா..." கத்தரியை மூடினாள்.

அண்ணி நுரைக் கிண்ணத்தைக் கீழே வைத்தாள்.

"கழட்டு."

"அம்மா."

"கழட்டுடி. படுக்கறப்போ போட்டுக்க அவருக்கு வீட்ல ஆயிரம் சட்டை இருக்கு. இது உட்கார்ந்திருக்கிறவங்களுக்கு. எத்தன மணிக்கு உன் மேடை?"

"அண்ணி, அண்ணன் இப்படிக் கெடக்கையில..." சித்தப்பா கத்தியைத் துடைத்தார். "நாலு பேரு என்ன சொல்லுவாங்க?"

"நாலு பேரும் வந்து பாக்கட்டும். நுழைவுச் சீட்டு இலவசம்தான்." முந்தானையால் கணவரின் காதோரம் ஒட்டியிருந்த நுரையைத் துடைத்தாள். "நான் இவரு கூட இருக்கேன். நீங்க அவளக் கூட்டிட்டுப் போங்க. பாத்துட்டு வந்து எனக்கு ஒண்ணு விடாம சொல்லணும். நீங்க சும்மாவே பாதிய முழுங்கிட்டுத்தான் கதை சொல்லுவீங்க."

ஊசி தாழ்வாரத்துக்குப் போய் டயருக்கு போன் போட்டு மேடைக்குக் கூப்பிட்டாள். கூடைப்பந்துக் கூட்டத்தில் எல்லா நாற்காலிக்கும் பஞ்சர் ஒட்டுவது அவர்தான், அதனால் டயர். தானும் நாற்காலிக்காரர். அண்ணனுக்கு உயிர் சிநேகிதர்; சாவுச் சேதி விடிந்ததுமே அவருக்குப் போயிருந்தது.

"அஞ்சு பேருக்குக் குடுத்த, எனக்குக் குடுக்கல," என்று போன் கரகரத்தது. "அந்தக் கோவம் இன்னும் போகல எனக்கு."

"கோவத்தோடயே வாங்க மாமா. சாப்பிடாம மட்டும் வாங்க."

அந்தப் பக்கம் நாற்காலிச் சக்கரம் கிறீச்சிட்டு நின்றது.

"அவன் கோட்டாம்மா?"

"ஆமா மாமா."

"எனக்கு வயிறு பெருசும்மா."

"பக்கத்துல துணி விட்டுத்தான் தச்சிருக்கேன். பிரிச்சு விட்டுக்கலாம்."

மேடத்துக்கும் அந்த ஐந்து பேருக்கும் மறுபடி போன் பண்ணி, வருவதாகச் சொன்னாள். வண்டியில் போகிறபோதே பக்கத் தையலைப் பிரித்து விட்டு, அறுத்த தோளையும் சேர்த்துத் தைத்தாள். சித்தப்பா ஓட்டினார். பள்ளம் வந்தால் முன்கூட்டியே, "பள்ளம்மா," என்றார். அவள் தையல் ஊசியைத் துணியிலிருந்து எடுத்து மேலே தூக்கிப் பிடித்துக்கொள்வாள். பள்ளம் தாண்டியதும் மறுபடி குனிவாள்.

அரங்கத்தில் விளக்கு கண்ணைப் பறித்தது. ஒருத்தி கிழிந்த குடைத் துணிகளைச் சேர்த்துப் பாவாடைகளாக விரித்திருந்தாள். ஒருவன் மழைக்கோட்டுக்குள் காற்றை அடைத்து ஆட்களைத் தலையணை மாதிரி நடக்க விட்டான். கூட்டம் சிரித்துக் கை தட்டியது. சித்தப்பாவும் தட்டினார், அண்ணியிடம் சொல்ல வேண்டுமே என்று உற்று உற்றுப் பார்த்தார்.

அப்புறம் இசை நின்றது. ஊசி இசை வேண்டாம் என்று சொல்லியிருந்தாளாம். ரப்பர் சக்கரம் பலகையில் உருளும் சத்தம் மட்டும் வந்தது. முதலாமவர், இரண்டாமவர், ஐந்து பேரும் வந்தார்கள். ஒருவர் துணியிலும் மடிப்பில்லை, திரளில்லை. அளவெடுத்தது உடம்பையா, உட்கார்ந்த விதத்தையா என்று தெரியவில்லை.

கடைசியாக டயர் வந்தார். கரும்பச்சைக் கோட்டு. காலர் கழுத்தில் படிந்திருந்தது. சக்கரத்தைத் தள்ளத் தள்ளத் தோள் கூடவே போய்க் கூடவே திரும்பியது. நடுமேடையில் நாற்காலியை ஒரு சுற்றுச் சுற்றி முதுகைக் காட்டி நின்றார். ஒரு சுருக்கமும் இல்லை. திரைக்குப் பின்னாலிருந்து ஊசி வந்தாள். அழுக்குச் சட்டை, கழுத்தில் அளவு நாடா. கும்பிடக்கூடத் தோன்றாமல் நின்றாள்.

அரங்கம் மொத்தமும் எழுந்தது. "யாரு பொண்ணு இது?" என்று முன்வரிசையில் ஒரு குரல் கேட்டது.

சித்தப்பா எழவில்லை. கையை முழங்காலில் வைத்தபடி இருந்த இடத்திலேயே, அண்ணனின் நாற்காலி உயரத்திலேயே, இருந்தார். மேடை மறைந்துபோனது. கண்ணுக்கு நேரே வெறும் இடுப்புகள், பெல்ட்டுகள், கைப்பைகள். முன்னால் நின்றவரின் சட்டை பின்பக்கம் வெளியே வந்து தொங்கிக்கொண்டிருந்தது. அவர் கை தட்டத் தட்ட அது ஆடியது.