கடிதத்தை மடிக்கும் கை

ஞாயிற்றுக்கிழமை நான்கு மணிக்கு எல்லோரும் என் அம்மாவோடு வீடியோவில் பேசலாம் என்று எங்கள் கைபேசிக் குழுவில் டார்ச் என்பவர் அறிவித்தது புதன்கிழமை மதியம். அப்போது நான் கடையில் ஒரு பெரியவரின் மூக்கின் மேல் புதுக் கண்ணாடியை வைத்து, இடது பக்கம் உயர்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். மேசைக்கடியில் கைபேசி அதிர்ந்தது. முதலில் ஒரு முறை, பிறகு நிற்காமல். குனிந்து படித்துவிட்டு நிமிர்ந்தேன். காதுக்குப் பின்னால் போகிற கம்பியைத் தேவைக்கு மேல் வளைத்துவிட்டிருந்தேன்.

"கண்ணாடி போட்டா காது வலிக்குமாம்மா?" என்றார் பெரியவர்.

"புதுசுல அப்படித்தான் இருக்கும்" என்றேன்.

அது பொய். அந்த மாதம் பொய் சொல்வது எனக்குச் சுலபமாகியிருந்தது.

எங்கள் குழுவுக்கு 'இடைவேளை' என்று பெயர். பழைய படங்களும் மேடை நாடகங்களும்தான் பேச்சு. நாற்பத்து மூன்று பேர். யாரும் யாரையும் நேரில் பார்த்ததில்லை. குழுவைத் தொடங்கியவர் முப்பது வருடம் திரையரங்கில் டார்ச் அடித்து இருக்கை காட்டியவர், அதனால் டார்ச். பிழை கண்டுபிடிப்பதற்காகவே பிறந்த ஓய்வுபெற்ற பள்ளி ஆய்வாளர் ஒருவர், அவர் தணிக்கை. நோயாளி வாயைத் திறந்துகொண்டிருக்கும்போதே பதில் போடுகிற பல் டாக்டர், பல். நான் கண்ணாடி.

மேடையில் செத்துக் கிடந்தவர் தும்மிவிட, கொன்றவர் "இன்னும் உயிர் இருக்கா உனக்கு" என்று இன்னொரு முறை குத்திய கதையைப் பல் எழுதுவார். மணி அடிப்பதற்கு முன்பே தொலைபேசியை எடுத்துவிட்ட நடிகர் "நீ கூப்பிடுவேன்னு தெரியும்" என்று சமாளித்த கதையை டார்ச் எழுதுவார். எந்த ஊர், எந்த வருடம் என்று தணிக்கை கேட்பார். சிரிப்பு முகங்கள் வந்து விழும். இரண்டு வருடமாக நானும் எழுதினேன். என் வரிகளுக்குக் கீழே ஒரு கட்டைவிரல்கூட விழாது. என் பதிவைத் தாண்டிப் பேச்சு போய்க்கொண்டே இருக்கும், நடைபாதையில் நிற்கிற ஆளைச் சுற்றிக்கொண்டு போவதைப் போல. மறுபடி மறுபடி எடுத்துப் பார்ப்பேன். எனக்கு நாற்பத்தொன்பது வயது. இதற்காகவா இப்படித் தவிக்கிறேன் என்று கேட்டுக்கொண்டே எடுத்துப் பார்ப்பேன்.

மூன்று வாரத்துக்கு முன்பு தணிக்கை ஒரு கேள்வி போட்டார். ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தில், விளக்கின் பக்கத்தில் ஒரு பெண்ணின் கை மட்டும் தெரியும். கடிதத்தை நான்காக மடித்துத் தலையணைக்கு அடியில் செருகும். ஐந்து விநாடி. படம் முழுக்க நீண்ட நகங்களோடு வருகிற கதாநாயகிக்கு அந்த ஐந்து விநாடி மட்டும் நகமே இல்லை. "அது யார் கை? ஊகம் வேண்டாம்."

அந்தப் படத்தில் அம்மா வேலை பார்த்தாள். அது உண்மை. கல்யாணத்துக்கு முன்னால் நான்கு வருடம் ஒரு படப்பிடிப்புக் கூடத்தில் லைட்டுக்கு நிற்கிற வேலை அவளுக்கு. கதாநாயகியின் உயரம் இருந்ததால் எடுத்துக்கொண்டார்கள். கதாநாயகி நிற்க வேண்டிய இடத்தில் அம்மா நிற்பாள். முகத்தில் விளக்கு விழுவதைப் பார்ப்பார்கள், நாடாவால் தூரம் அளப்பார்கள், ஒரு மணி, இரண்டு மணி நேரம். எல்லாம் சரியானதும் "நீ போலாம்" என்பார்கள். கதாநாயகி வந்து நிற்பாள். படம் ஓடும். பள்ளியில் நான் "எங்கம்மா சினிமால இருந்தாங்க" என்று பெருமையடித்தபோது, எந்த இடத்தில் வருவார் என்று கேட்டார்கள். எந்த இடத்திலும் வரமாட்டாள்.

குழுவில் எழுதினேன்: "அது என் அம்மாவோட கை."

அன்று மதியம் எனக்கு வந்த அளவுக்குக் கட்டைவிரல்களையும் கைதட்டல்களையும் வாழ்நாளில் நான் பார்த்ததில்லை. தணிக்கையே "அரிய தகவல்" என்று எழுதினார். அடுத்த வாரத்திலிருந்து புதன்கிழமை வினாடி வினாவை என்னை நடத்தச் சொன்னார்கள். டார்ச் பழைய படங்களைப் பற்றித் தொகுத்துவரும் குறிப்புப் புத்தகத்தில் இதைச் சேர்க்கப்போவதாகச் சொன்னார். இப்போது இந்த ஞாயிற்றுக்கிழமைப் பேச்சு வேறு. அம்மா வாயைத் திறந்தால் நான் குழுவில் முகம் காட்ட முடியாது. அதைவிட, தான் செய்த வேலை மகளுக்குப் போதவில்லை என்று அம்மாவுக்குத் தெரிந்துவிடும்.

வெள்ளிக்கிழமை ஒரு வழி கண்டுபிடித்தேன். அம்மாவுக்குத் தொண்டை கட்டிவிட்டது, பேச முடியாது என்று எழுதினேன்.

"உப்புத் தண்ணியில கொப்புளிக்கச் சொல்லுங்க" என்றார் பல்.

"பேச வேணாம் மேடம்" என்று டார்ச் எழுதினார். "கையக் காட்டினா போதும். அந்தக் காட்சிய நிறுத்தி ஒரு படம் எடுத்து வச்சிருக்கேன். பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்துடலாம்."

கடையின் பின்னறைக்குப் போய், லென்ஸ் தேய்க்கிற இயந்திரத்தின் இரைச்சலில் நின்றேன். கையைக் காட்டினால் போதுமாம். ஐம்பது வருடத்துக்கு முந்திய கையை யார் அடையாளம் காண முடியும் என்று ஒரு மனம் சொன்னது. தணிக்கையால் முடியும் என்று இன்னொரு மனம் சொன்னது. அன்று சாயங்காலமும் சனிக்கிழமை முழுக்கவும் அம்மாவின் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். துணி மடிக்கிற கை. குழாயை இறுக்கி மூடுகிற கை. அவள் சமையலறைக்குப் போனால் நானும் போனேன், கூடத்துக்கு வந்தால் நானும் வந்தேன்.

"என்னடி பூனை மாதிரி காலச் சுத்திக்கிட்டிருக்க?" என்றாள். "ஏதாவது வேணும்னா கேளு."

ஞாயிறு காலை அவள் வாரத்துக்கான மாத்திரைகளை டப்பாவில் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தாள். வெள்ளை, மஞ்சள், பாதி வெள்ளை. நான் எதிரே உட்கார்ந்து சொல்லிவிட்டேன். குழு, கேள்வி, நான் எழுதியது, நான்கு மணி. மூச்சு விடாமல் சொன்னேன்.

அம்மா சிரித்தாள். "என் கையா? நல்ல ஆளுடி நீ. நாளைக்கு யார் கழுத்துன்னு கேட்டா அதுவும் என்னோடதுன்னுவியா?"

அவள் சிரித்ததில் எனக்குப் பாதி உயிர் வந்தது. "ஒரு தடவ பாரும்மா" என்று அந்தக் காட்சியைக் கைபேசியில் ஓடவிட்டேன். அம்மா நான் செய்து கொடுத்த கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தாள். "இன்னொரு தடவ போடு" என்றாள். இரண்டாவது முறை பார்த்தபோது முகம் மாறியது.

"இது கொண்டையோட கை."

"யாரு?"

"தலை வாரி விடறவ. எல்லாருக்கும் கொண்டை போடுவா, அவளையே கொண்டைன்னு கூப்பிடுவோம். இந்தக் கட்டைவிரலப் பாரு, நகம் தட்டையா இருக்கா? நாள் முழுக்கக் கொண்டை ஊசிய விரிச்சு விரிச்சு அப்படி ஆயிடுச்சு."

"உனக்கு எப்படி இவ்வளவு நிச்சயமா..."

"நான் அங்கதானே நின்னேன்." மாத்திரை டப்பாவின் ஒரு மூடியை மூடினாள், திறந்தாள். "கதாநாயகியம்மா அன்னைக்கு வேற படத்துக்குப் போயிட்டாங்க. இது ஒண்ணு மட்டும் பாக்கி. கைதானே, அந்தப் பொண்ணையே வைங்கன்னாரு டைரக்டர். என்னையத்தான் சொன்னாரு. உக்காந்தேன். கடுதாசிய எடுத்தேன். நடுங்குச்சு. மறுபடி எடுத்தேன். நாலு வருஷம் அசையாம நின்னவடி நான், அன்னைக்குப் பாத்து விரல் நிக்கல. 'வேணாம், நீ போலாம்'னுட்டாரு. கொண்டையக் கூப்பிட்டாங்க. எண்ணெய்க் கையத் துடைச்சுக்கிட்டு வந்து உக்காந்தா. ஒரே தடவையில முடிச்சுட்டா."

நான் கைபேசியைக் கவிழ்த்து வைத்தேன்.

"ரெண்டு வாரம் அவகூட நான் பேசல. பாவம், அவ என்ன பண்ணுவா. அதுக்கப்புறம் சீக்கிரமே போயிட்டா, காய்ச்சல்ல." கண்ணாடியைக் கழற்றினாள். "அவ இருந்ததுக்கு அடையாளம்னு இந்தக் கை ஒண்ணுதான் இருக்கு. அதப் புடுங்கி எனக்குக் குடுத்திருக்க நீ. நான் கேட்டேனா?"

அம்மா குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் நானும் ஏதாவது சொல்லியிருப்பேன்.

"நீ வந்து சொல்லிடும்மா, அவங்ககிட்ட."

"நான் ஏன் சொல்லணும்? சொன்னவ நீ. அவங்க கூப்பிடறதுக்கு முன்னால எழுது. எழுதினாத்தான் நான் வந்து உக்காருவேன்."

மூன்று மணிக்கு எழுத உட்கார்ந்தேன். இரண்டு வார்த்தை எழுதுவேன், அழிப்பேன், எழுந்து ஜன்னல்வரை போவேன். எதிர் மாடியில் யாரோ ஒரு கம்பளத்தைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். மூன்றரைக்கு ஒரு வாக்கியம் தானாக வந்தது, அவ்வளவு சரியாக, அவ்வளவு வழவழப்பாக: "மன்னிக்கவும், அம்மாவுக்கு எழுபத்தாறு வயசாச்சு, கொஞ்சம் ஞாபகப் பிசகு, இன்னைக்குக் கேட்டா வேற மாதிரி சொல்றாங்க."

படித்துப் பார்த்தேன். யாரும் என்னைக் குறை சொல்ல மாட்டார்கள். பாவம் என்பார்கள். பல் ஏதாவது மாத்திரை சொல்வார். புதன்கிழமை வினாடி வினா என்னிடமே இருக்கும். அம்மாவுக்கு இந்தக் குழுவில் என்ன ஆகப்போகிறது? பக்கத்து அறையில் அவள் பீரோவைத் திறக்கிற சத்தம் கேட்டது. நான் எழுதிவிடுவேன் என்று நம்பி, நல்ல துணி எடுத்துக்கொண்டிருக்கிறாள். என் விரல் அனுப்புகிற குறியின் மேலேயே இருந்தது. முதல் பொய்யையாவது ஒரு நிமிட ஆசையில் சொன்னேன். இதை அரை மணி நேரம் யோசித்துச் செதுக்கியிருக்கிறேன். என்னைப் பற்றி எனக்கே தெரியாத ஒன்றை அந்த வாக்கியம் சொன்னது. அப்படி எழுதியதை இதுவரை அம்மாவிடமும் சொல்லவில்லை.

அழித்தேன். "அது என் அம்மாவோட கை இல்ல. அம்மா அப்படிச் சொல்லவும் இல்ல. நானா சொன்னேன். அது படத்துல தலை அலங்காரம் பண்ணினவங்க கை. தொண்டை கட்டினதும் பொய்தான்." படித்தால் மறுபடி அழிப்பேன் என்று படிக்காமல் அனுப்பினேன்.

பத்து பேர் பார்த்தார்கள். இருபது. முப்பத்தெட்டு. யாரோ எழுதுகிறார் என்று காட்டும், நின்றுவிடும். பல் ஒரு சிரிப்பு முகம் போட்டுவிட்டு உடனே நீக்கினார். தணிக்கை எழுதினார்: "புதன்கிழமை பொறுப்பு பற்றிப் பிறகு பேசலாம்." ஐந்து நிமிடம் கழித்து டார்ச்: "நாலு மணிக்குக் கூப்பிடறேன். அம்மா இருப்பாங்களா?"

அம்மா வந்து உட்கார்ந்தாள். நான் அனுப்பியதை வாங்கிப் படித்தாள். திருப்பிக் கொடுத்தாள். கைபேசியை மேசைமேல் இருந்த தண்ணீர்ச் செம்பின்மேல் சாய்த்து வைத்தேன். மணி அடித்தது. சின்னச் சின்னக் கட்டங்களில் முகங்கள் வந்தன. டார்ச் நான் நினைத்ததைவிட ஒல்லியாக இருந்தார்.

"வணக்கம்மா. அந்தக் கை யாரோடதுன்னு நீங்கதான் சொல்லணும். அவங்க பேர் என்ன?"

அம்மா வாயைத் திறந்தாள். "கொண்டை" என்றாள்.

"அது கூப்பிடற பேரு. சொந்தப் பேரு? புத்தகத்துல போடணும்."

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள், எனக்குத் தெரிந்திருக்கும் என்பதைப் போல. பிறகு மறுபடி கட்டங்களைப் பார்த்தாள். அவள் உதடு அசைந்தது. ஏதோ ஒரு பெயரைச் சொல்லிப் பார்த்து விட்டுவிட்டாள்.

"எனக்குத் தெரியாது" என்றாள். "நாலு வருஷம் ஒரே தட்டுல சாப்பிட்டோம். நான் கேட்டதே இல்ல."

கட்டங்களில் இருந்த யாருக்கும் அந்தப் பெயர் தெரியவில்லை. எந்த வருடம், எந்த ஊர், எந்த அரங்கம், எத்தனை நாள் ஓடியது என்று தூக்கத்திலும் சொல்லக்கூடியவர்கள். தணிக்கை தன் மைக்கைத் திறந்தார். முதல் முறையாக அவர் குரலைக் கேட்டேன், நம்ப முடியாத அளவுக்கு மெல்லிய குரல்.

"தலை அலங்காரம்னு அந்தப் படத்துல யார் பேரும் போடலைம்மா. நான் எழுத்து எழுத்தாப் பாத்திருக்கேன்."

"எங்க பேரெல்லாம் எங்க போட்டாங்க" என்றாள் அம்மா. நாற்காலியை மேசைக்கு இன்னும் கிட்டே இழுத்துக்கொண்டாள். அவள் முகம் திரை முழுக்க வந்துவிட்டது, என் தோள்கூட அதில் இல்லை.

"நீங்க இத்தன பேர் இருக்கீங்களே. அப்ப வேல பாத்தவங்க யாராவது எங்கயாவது உயிரோட இருப்பாங்க. கேட்டுப் பாருங்க. நான் இங்கயே இருக்கேன்."

டார்ச் பேனாவைத் தேடுகிற சத்தம் கேட்டது.